அலர்ட் அணைந்த ஒன்பது விநாடி

…தொண்ணூற்றிரண்டு மார்க், அதுவும் மெஷின் போட்டது, அதன் கீழே தன் கையெழுத்து, நினைக்க நினைக்க அனுபமாவுக்குத் தன்மேலேயே அருவருப்பு, செகந்திராபாத்தில் ஏறிய பஸ் ஏ.எஸ்.ராவ் நகரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது, பக்கத்து சீட்டில் யாரோ தின்னும் மிர்ச்சி பஜ்ஜியின் எண்ணெய் வாடை வேறு… வானத்து விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தப் பயிற்சி பெறுகிறவர்களைப் பரீட்சிப்பது அவள் வேலை, பதினாறு வருஷ சர்வீஸ், இன்று காலை அவள் கூடுதலாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான், பரீட்சைக்கு வந்த ஃபெலிக்ஸின் பயிற்சித் திரையில், மூலையில் சிவப்பாக மின்னும் மோதல் எச்சரிக்கையை அவனுக்குச் சொல்லாமல் அணைத்தாள். இரண்டு விமானங்கள், ஒரே உயரம், நேரெதிராக… அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், சிவப்பு மின்னட்டும் என்று, ஒன்பது விநாடி, இரண்டு புள்ளிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன, நிஜமாயிருந்தால் முந்நூறு பேர். “அலர்ட் வரலையே மேடம்,” என்றான், ஓட்டலில் இன்னும் சாம்பார் வரவில்லை என்கிற முகத்தோடு, சீ…

பயிற்சித் தலைவர் பத்ரிநாராயணனிடம் போய்ச் சொன்னால், அவர் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்காரர், பல்லிடுக்கைக் குச்சியால் நோண்டிக்கொண்டே, “நக்கோ அனுபமா, வேணாம், அது சிலபஸ்லயே இல்ல. நெஜத்துல அலர்ட்டை யாரு அணைக்கப் போறாங்க?” தலைக்குள்ளேயே தூரமும் நேரமும் கணக்குப் போட வைக்கும் பாடத்தை எடுத்துவிட்டு, திரையைக் கண்காணிக்கும் பாடத்தைப் போட்டு வருஷம் ஒன்றாகிறதே என்று ஞாபகப்படுத்தினார், ஃபெலிக்ஸுக்கு மெஷின் போட்ட மார்க்கை மாற்றப் படிவத்தில் இடமில்லை என்றார், இடமில்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதியிருக்க முடியாதா, ஏன் எழுதவில்லை? பேனாவை நீட்டினார், வாங்கினாள், போட்டாள், இனி ஃபெலிக்ஸ் அடுத்த மாதம் நிஜத் திரைக்குமுன் உட்காருவான், தூ, இந்தக் கையை எதைப் போட்டுக் கழுவுவது…

நாளைக் காலை முதல் வேலையாக கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்குவது, எல்லாவற்றையும் எழுதுவது. விநாடி விநாடியாக எழுத வேண்டும் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள், முதல் விநாடி, அவன் சும்மா இருந்தான், நான்காவது, சும்மா, ஏழாவது… அவன் பின்னால் நின்ற அவள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்? அவன் முகத்தைப் பார்த்தாளா, இல்லை, புள்ளிகளைப் பார்த்தாளா… அதுவும் இல்லை, அணைத்தவளே அவள்தான், சிவப்பு வராது என்று தெரியும், தெரிந்தும் அவள் கண் திரையின் வலது மூலையில், சிவப்பு வரும் இடத்தில்தான் இருந்தது. ராவ் நகர் வந்து, கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. எப்போதிலிருந்து அவளும்…