தம்பியின் மிதவைகள்

தீவில் எல்லோருக்கும் லின்வுட்டைப் பிடிக்கும். அவன் அண்ணன் டெல்பர்ட்டுக்குப் பிடிக்காமல் போனதும் அதனால்தான். அப்பா சாகும்போது, பாறைத்திட்டை ஒட்டிய நல்ல கடல்பகுதியை இளையவனுக்குக் கைகாட்டிவிட்டுப் போனார். அமெரிக்காவின் மெய்ன் கடலோரத்தில் இதற்கெல்லாம் பத்திரம் கிடையாது. பெரியவர் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து தம்பியின் கூண்டுகள் சிங்கி இறால் நெளிய நெளிய மேலே வரும்போதெல்லாம் அண்ணனுக்கு வயிறு பற்றி எரியும்.

இப்போது தம்பி புதுப் படகும் இறக்கிவிட்டான். படகின் பின்புறம் தங்க எழுத்தில் பெண்டாட்டி பெயர்: நெட்டி.

கடலடியில் கிடக்கும் கூண்டுகளுக்கு அடையாளமாகக் கயிற்றில் கட்டிய தம்பியின் மிதவைகளை அறுக்கிறேன் என்று கத்தியோடு கிளம்பிய டெல்பர்ட், போன வேகத்தில் திரும்பி வந்தான். அவன் மனைவி ஆர்வில்லா வறுத்துக்கொண்டிருந்த டோனட்டை எண்ணெயிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்ன, சும்மா கடலைப் பாத்துட்டு வந்தீங்களா?"

"மனசு வரலடி. கூடப் பொறந்தவன். வேணும்னா மிதவைல ஒரு முடிச்சுப் போட்டுட்டு வரேன்."

தீவின் முறை அது. முதலில் எச்சரிக்கை முடிச்சு. அதற்கும் அடங்காதவனுக்குத்தான் கத்தி.

"முடிச்சா! சிரிச்சுக்கிட்டே அவுத்துப் போட்டுட்டுப் போவான். அவ பேரு தங்கத்துல மின்னுது. உங்க படகுல இன்னும் உங்கம்மா பேரு. செத்தும் அந்தம்மா என்னை விடல! கடைக்குள்ள நெட்டி வந்தா எந்திரிச்சு இடம் விடுறாங்க. எனக்குத் தலையாட்டக்கூட ஆளில்ல. உங்கப்பா உங்களை ஏன் ஒதுக்குனாருன்னு இன்னிக்குத்தான் புரியுது."

அந்தக் கடைசிச் சொல் தைத்துவிட்டது. கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள்; டெல்பர்ட் கல்கூட இல்லை. மறுநாள் மூடுபனியில் போய் அத்தனை மிதவைகளையும் அறுத்தான். அறுக்கிறவன் கயிற்றை இழுத்து ஆழத்தில் அறுக்க வேண்டும். இவன் அவசரத்தில் மிதவைக்கு அடியிலேயே அறுத்தான். மிச்சக் கயிறெல்லாம் நீர்மட்டத்துக்குக் கீழே அலைந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் காற்று ஏறியிருந்தது. சமையலறை வயர்லெஸ்ஸில் தம்பியின் குரல் வந்தது.

"அண்ணே, எவனோ என் மிதவையெல்லாம் அறுத்துட்டான். நீயும் வாயேன், கூண்டுகளைத் தேடி எடுத்துருவோம். நீ கூட இருந்தா எனக்குத் தெம்பு."

டெல்பர்ட் பதறி எழுந்தான். "கயிறு கெடக்குடி. படகு விசிறியில சுத்திக்கும். சொல்லணும்."

"உனக்கெப்படித் தெரியும்னு கேப்பான். என்ன சொல்லுவீங்க?"

வயர்லெஸ்ஸுக்கு நீட்டிய கையை டெல்பர்ட் இழுத்துக்கொண்டான்.

"அவன் என்ன பச்சைப்பிள்ளையா? உக்காருங்க, காபி ஆறுது."

உட்கார்ந்தான். "அண்ணே, இருக்கியா?" என்றது வயர்லெஸ். ஆர்வில்லா சத்தத்தைக் குறைத்தாள்.

விசிறியில் கயிறு சுற்றி, இஞ்சின் நின்று, புதுப் படகைக் காற்று பாறைத்திட்டில் கொண்டுபோய் மோதியது. லின்வுட்டின் உடல் மட்டும் கரைக்கு வந்தது.

அடக்கம் முடிந்ததும் நெட்டி டெல்பர்ட்டின் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, அன்னிக்கு உங்க வயர்லெஸ் ரிப்பேரா? கடைசிவரைக்கும் உங்களையேதான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. நான் வீட்ல கேட்டுக்கிட்டே இருந்தேன்."

இனி மறைப்பதில்லை என்று டெல்பர்ட் வாயைத் திறந்தான். ஆர்வில்லாவின் விரல்கள் அவன் முழங்கையை அழுத்தின.

"ரிப்பேர்தாம்மா," என்றான்.