ஐந்தாவது தடவை

"எத்தனை நாளா இவருக்கு மூச்சு வாங்குது?" டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாருங்க. காலையில குளிக்கப் போனவரு சுவத்தைப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாரு," என்றாள் அம்மா. தையல் மெஷினிலிருந்து எழுந்தவள் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது.

"ஏழு வாரம்," என்றாள் மகள்.

இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதற்குள் கைப்பேசியை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் இரண்டு முறை வேறு எதையோ திறந்துவிட்டாள். "இதப் பாருங்க டாக்டர். இங்க நிக்கறாரு பாருங்க. நெஞ்சுல கை வெக்கறாரு."

டாக்டர் பத்துப் பதினைந்து விநாடி பார்த்தார். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் கருவிப் பெட்டியுடன் படியேறி வந்து, திருப்பத்தில் கம்பியைப் பிடித்து நின்று, மறுபடி ஏறுகிறார். "அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்மா," என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தீவிர சிகிச்சை அறைக்குள் போய்விட்டார்.

அந்த வீடியோவை அவள் இருநூறு முறையாவது பார்த்திருப்பாள்.

அவள் படிப்பது அனிமேஷன். கடைசி வருடத்துக்கு ஒரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. என்ன கதை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அப்பாதான் எடுத்துக் கொடுத்தார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் பொழப்பைப் படமா எடேன். ஊரே லிஃப்ட்ல போகும், அவன் மட்டும் படியில ஏறணும். ஏன்னா அவன் போறப்ப எந்த லிஃப்ட்டும் ஓடாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்.

படத்தில் வரும் மெக்கானிக் ஒன்பது மாடி ஏறுகிறான். கம்ப்யூட்டரில் உருவம் செய்வது பெரிய விஷயமில்லை. நடக்க வைப்பதில்தான் தாவு தீர்ந்துவிடும். எடை எந்தக் காலில் இருக்கிறது, தோள் எப்போது சாய்கிறது என்று ஒரு விநாடியை இருபத்துநாலு துண்டாக்கிப் பார்க்க வேண்டும். பார்த்துச் செய்ய ஆள் வேண்டும். ஏழு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடியிருப்பின் படிக்கட்டில் அப்பாவை நிறுத்தினாள்.

முதல் தடவை கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இரண்டாவது தடவை வெளிச்சம் சரியில்லை. மூன்றாவது தடவை பெட்டி இல்லாமல் ஏறினார். நாலாவதில் பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா," என்றாள். "டைரக்டரம்மா சொன்னா சரிதான்," என்று கீழே இறங்கிப் போனார்.

ஐந்தாவது தடவை, மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றார். இடது கை கம்பியைப் பிடித்தது. பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். வலது கை நெஞ்சுக்குப் போய், அங்கே எதுவும் இல்லை என்பது போல் சட்டைப் பையைத் தட்டிவிட்டு இறங்கியது. வாய் லேசாகத் திறந்து மூடியது. அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினார்.

"சூப்பர்ப்பா! என்னா நடிப்பு!" என்று அவள் மேலிருந்து கத்தினாள்.

அவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

அந்த நிறுத்தத்தை அப்படியே படத்தில் வைத்தாள். விரல்கள் கம்பியில் இறுகுவது, தோள் ஏறி இறங்குவது, உதடு பிரிவது என்று ஒன்றையும் விடவில்லை. ஆறு விநாடிக்கு நூற்று நாற்பத்துநாலு பிரேம். அதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "இதுதாம்மா படம். மத்ததெல்லாம் சும்மா." படம் எடுத்த அனுபவத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதித் தர வேண்டும். அதில் அவள் எழுதியிருந்தாள்: 'பாத்திரத்தின் களைப்பைக் காட்ட, மூன்றாம் மாடி நிறுத்தத்தை நானாக யோசித்துச் சேர்த்தேன்.' நேற்று சாயங்காலம்தான் படத்தையும் கட்டுரையையும் அனுப்பியிருந்தாள்.

"ரத்தம் எடுத்திருக்கோம், ஓடிப்போய் லேப்ல குடுத்துட்டு வாங்க," என்று நர்ஸ் ஒரு சின்னக் குப்பியை அவள் கையில் வைத்தார். குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் ஓடினாள். தவறான வாசலுக்குள் போய், திரும்பி, வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். "ரிசல்ட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும்," என்றான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன். "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம். அண்ணா, ப்ளீஸ்," என்று அவன் போன பிறகும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தபோது இரண்டு நிமிடம் பார்க்கலாம் என்று உள்ளே விட்டார்கள்.

அப்பாவின் முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணோரம் சுருங்கியது. என்னவோ சொன்னார். அவள் குனிந்து காதை வைத்தாள்.

"படம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுப்பா. பேசாதீங்க."

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். தோள் ஏறியது, உதடு பிரிந்தது. எந்த நேரத்தில் எது அசையும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஏறணுமா, டைரக்டரம்மா?"

"வேண்டாம்ப்பா," என்றாள். "போதும்ப்பா. வேண்டாம்."

நர்ஸ் அவள் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார்.

பதினொன்றே முக்காலுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு அதற்கப்புறம்தான் வந்தது.

டாக்டர் சொன்னதைக் கேட்டு அம்மா அழவில்லை. "சரிங்க," என்றாள். அப்பாவின் சட்டை, பேன்ட், கைப்பேசி போட்டிருந்த பிளாஸ்டிக் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். மகள் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நான் பாத்தேன்மா. தினம் பாத்தேன். ஒவ்வொரு விரலாப் பாத்தேன். நடிக்கறாருன்னு நெனைச்சேன். அஞ்சு தடவை ஏற வெச்சேன்மா அவரை. நாந்தாம்மா..."

"வாயை மூடுடி."

"அந்தக் கட்டுரையில நானா யோசிச்சேன்னு எழுதினேன்மா."

"வாயை மூடுன்னேன்ல." அம்மாவின் கை அளவு நாடாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: "எனக்கும் தெரியும்."

மகள் நிமிர்ந்தாள்.

"ராத்திரில எழுந்து உக்காந்துப்பாரு. ரெண்டு தலகாணி கேப்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம் வாங்கன்னேன். புள்ள படத்தை முடிக்கட்டும், இப்ப போனா படுக்கவெச்சிடுவான், அவளுக்கு வேலை கெட்டுப்போயிடும்னாரு." அம்மா மடியிலிருந்த பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தாள். "நானும் சரின்னுட்டேன். டாக்டர்கிட்ட நேத்து வரைக்கும் நல்லா இருந்தாருன்னு சொன்னேன் பாரு, அதுவும் நாந்தான்."

மகள் எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தரை துடைப்பவர் தள்ளிக்கொண்டு வந்த ஈரத்துணிக்காக இருவரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

பைக்குள் அப்பாவின் கைப்பேசி அடித்தது. அடித்து ஓய்ந்து, உடனே மறுபடி அடித்தது. மகள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணே, பி பிளாக் வாட்ச்மேன் பேசறேன். லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ஆள் மாட்டிக்கிச்சு. எங்க இருக்கீங்க?"

வாட்ச்மேனின் குரல் அம்மாவுக்கும் கேட்டது. அம்மா போனை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"அவரு வர முடியாதுங்க. கூட வேலை பாக்கறவரை இப்பவே அனுப்பச் சொல்றேன். எத்தனை பேர் உள்ள?"

"ஒருத்தர்தாங்க. வயசானவரு. கதவை நெம்பிப் பாக்கட்டுமா?"

"நெம்பாதீங்க. மெயினை அணைச்சிடுங்க. உள்ள காத்து வரும், மூச்சு முட்டாதுன்னு சொல்லுங்க." அம்மாவின் குரலில் அவசரமே இல்லை. "கதவுகிட்டயே நில்லுங்க. ஆள் வர்ற வரைக்கும் அவர்கிட்ட பேசிக்கிட்டே இருங்க."

அறைக்குள்ளிருந்து படிவத்துடன் வந்த நர்ஸ், பேச்சு முடியட்டும் என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.