நரித் தொப்பியின் இடது காது

அந்த வீட்டில் இருப்பது மூன்றே பேர்தான். ஆனாலும் பேச்சு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வந்து சேரும்.

“அம்மா, ஜன்னலைச் சாத்தச் சொல்லு அவரை” என்பாள் சிட்டு. ‘அவர்’ ஜன்னல் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பார்.

“ஏன்டி, ஆள் கண்ணு முன்னாடி நிக்கிறார். நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?” என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அதற்குள் ஜன்னல் சாத்தப்பட்டிருக்கும்.

சிட்டுவைப் பெற்றவர் இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, அம்மா இந்த லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் குடிவந்த முதல் வாரம் சிட்டு, ‘அங்கிள்’ என்று வாய் நிறையத்தான் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் திடீரென்று வாயைப் பூட்டிக்கொண்டாள். லிஃப்ட் முனகுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குக்கு, இந்தக் கோளாறு மட்டும் பிடிபடவேயில்லை. அந்தப் பெண் தன்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அவரும் சும்மா இருக்கவில்லை. ஒழுகிய குழாய், ஆடிய அலமாரி, கிரீச்சிட்ட நாற்காலி என்று வந்த கையோடு வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டார். எல்லாம் சரியானது. சிட்டுதான் சரியாகவில்லை.

இந்த நிலைமையில்தான் தொப்பி வந்தது. சரியாகச் சொன்னால், வராமல் போனது.

ஒரு அனிமே தொடர், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் என்றால் சிட்டுவுக்கு உயிர். அதில் வரும் நரிப்பெண்ணைப் போல வேஷம் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ரசிகர் கூட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஆன்லைனில் கேட்டிருந்த காது வைத்த தொப்பிக்குக் கடைக்காரன் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டான். மூடிய அறைக்குள் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் ஹாலில் இருந்த மெக்கானிக்குக்குக் கேட்டது.

மறுநாளே ஆரஞ்சு நூலும் குரோஷே ஊசியும் வாங்கினார். மதிய இடைவேளையில், மொட்டைமாடி லிஃப்ட் மெஷின் ரூமில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோவைப் பார்த்துப் பின்ன ஆரம்பித்தார். ஊசியின் கொக்கியால் ஒரு கண்ணிக்குள் நூலை இழுத்தால் அடுத்த கண்ணி. இவ்வளவுதானே என்று நினைத்தார். ஆனால் நட்டை முடுக்கிப் பழகிய கை அல்லவா? முடுக்கின முடுக்கில் முதல் தொப்பி டீ கிளாசுக்குத்தான் பொருந்தியது.

“என்னண்ணே, லிஃப்டுக்குக் குளிருதா? குல்லா பின்றீங்க?” என்றான் கூட வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்.

“உன் வாய்க்கு ஒண்ணு பின்னித் தரேன், இரு.”

பிரித்தார், பின்னினார், மறுபடி பிரித்தார். சனிக்கிழமை சாயங்காலம் தொப்பியைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார். ஆரஞ்சுத் தொப்பி, மேலே ஜம்மென்று நிமிர்ந்து நிற்கும் இரண்டு காதுகள்.

சிட்டுவின் கண் ஒரு நொடி விரிந்தது. தொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

“அம்மா, ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லிடு” என்று முணுமுணுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். தொப்பி மேஜையிலேயே கிடந்தது.

“ஏங்க, அந்த நரிக்கு இடது காது பாதி கிழிஞ்சு தொங்குமே?” என்றாள் அம்மா.

“ஆமா, போட்டோவுல பார்த்தேன். அதான் அதையும் சரி பண்ணி வெச்சுட்டேன்.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “உங்க கையில எது சிக்கினாலும் ரிப்பேர்தானா? போட்டோவைப் பார்த்தீங்க. கதையைப் பார்த்தீங்களா?”

ஞாயிறு காலை அம்மா ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிப் போனதும், மெக்கானிக் ஹாலில் உட்கார்ந்து அந்தத் தொடரின் முதல் பாகத்தைப் போட்டார். வெள்ளம் அடித்துக்கொண்டு போகிற குட்டி நரிப்பெண்ணைக் காதைப் பிடித்து இழுத்துக் கரையேற்றுகிறது அப்பா நரி. அந்த இழுப்பில் காது கிழிகிறது. குட்டி பிழைக்கிறது, அப்பாவை வெள்ளம் கொண்டுபோகிறது. பிற்பாடு ஒரு வைத்தியர் காதைத் தைத்துவிடுகிறேன் என்று வருகிறார். ‘வேண்டாம். அப்பா கை கடைசியாகப் பட்ட இடம்’ என்று குட்டி ஓடிவிடுகிறது.

மெக்கானிக் டிவியை நிறுத்தினார். அவர் பார்வை தானாக ஜன்னலோர நாற்காலிக்குப் போனது. பழைய நாற்காலி. முன்பெல்லாம் யார் உட்கார்ந்தாலும் கிரீச்சென்று கத்தும். வந்த முதல் வாரக் கடைசியில் அவர்தான் அதற்குத் திருகாணி முடுக்கி எண்ணெய் போட்டார். சிட்டு வாயைப் பூட்டியது அதற்கு மறுநாள்.

எழுந்து போய் மேஜையில் கிடந்த தொப்பியை எடுத்துவந்தார்.

கத்தரிக்கோலை எடுத்தார். கெட்டியாகத் தைத்திருந்த இடது காதை வெட்டிப் பிரித்துப் பாதிவரை உருவினார். ஒரு பக்கம் மட்டும் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே வந்து பின்னினார். நிமிர்ந்து நிற்கிற காதைப் பின்னிவிடலாம். கிழிந்து தொங்குகிற காதைப் பின்னுவது லேசில்லை. வழக்கம்போலக் கை இறுகியது. காது விறைத்துக்கொண்டு நின்றது.

“அவ்ளோ டைட்டா இழுக்காதீங்க.”

ஊசி அப்படியே நின்றது. பின்னால் சிட்டு. வீட்டில் வேறு யாரும் இல்லை, அவரிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

“லூசா விடுங்க. அப்பதான் தொங்கும்.”

அவர் தளர்த்தினார். காது மெல்லச் சாய்ந்து தொப்பியின் மேல் படுத்தது. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “அது உங்க அப்பா நாற்காலியாம்மா?”

சிட்டு போய் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“டியூட்டி முடிஞ்சு வந்து அதுலதான் உக்காருவாரு. அந்தச் சத்தம் கேட்டா அப்பா வந்துட்டாருன்னு அர்த்தம்.” மூக்கை உறிஞ்சினாள். “யாராவது உக்காந்தாக்கூட, ஒரு செகண்ட் அப்படித் தோணும்.”

“தெரியாம பண்ணிட்டேன்மா. திரும்பக் கத்த வைக்க முடியுமான்னு எனக்குத் தெரியல.”

“வராது. நானும் ஆட்டிப் பார்த்துட்டேன்.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இனிமே எதையாவது ரிப்பேர் பண்ணணும்னா, கேட்டுட்டுப் பண்ணுங்க.”

“சரிம்மா.”

காதைத் தைத்து நூலை வெட்டியபோது சிட்டுவின் போன் அடித்தது. அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள்.

“கிளம்பிட்டியாடி? எப்படிப் போவே? அவர்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?”

சிட்டு தொப்பியைத் தலையில் வைத்து, இடது காதை விரலால் ஒருமுறை நீவினாள்.

“வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்.”

அம்மாவின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அன்றோடு வேலை போயிற்று. போனை வைத்துவிட்டு மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

“பைக்கை எடுங்க, லேட்டாயிடுச்சு. மெதுவா ஓட்டுங்க, காது பறந்துடும்.”

மெக்கானிக் சாவியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயேதான் இருந்தது.