குளிக்கிற சத்தம்

எங்கள் வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் போக வேண்டுமென்றால் முதலில் குளித்திருக்க வேண்டும். பக்கத்தில் போவதற்கே இந்தக் கதி, தொடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காய்ச்சலா, குளித்துவிட்டுப் படு. பால் பொங்கி வழிகிறதா, வழியட்டும், குளித்துவிட்டு வந்து துடைத்துக்கொள். இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் பெரிய நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே வாய் திறக்காமல் வரிசையில் நிற்க வைத்தவருக்கு, எங்கள் வீடு எந்த மூலைக்கு?

காலையில் முதல் குளியல் அக்காவுடையது. எல்லோரும் புரண்டு படுக்கும் நேரத்தில் குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்கும். பிறகு பாட்டு. ஒரு சொம்பு தண்ணீர், ஒரு வரி சாமி பாட்டு. இன்னொரு சொம்பு, இன்னொரு வரி. பாட்டு முடிந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அக்கா சாமி அறைக்குப் போய் விளக்கேற்றினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். சூரியன் அதற்கு முன்னால் வந்திருந்தால் அது சூரியனுடைய தப்பு.

எனக்கு ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் வண்டி வண்டியாக வரும். கையுறை போட்டுப் பிரித்து, இயந்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புவோம். எங்கள் இயந்திரத்துக்குள் போய்விட்டு ஒரு கிருமி உயிரோடு வெளியே வந்தால் அதற்கு மாலை போட்டு மரியாதை செய்யலாம். ஆனால் அக்காவைப் பொறுத்தவரை நான் கண்டவர்கள் துணியைத் தொட்டுவிட்டு வருகிறவள். அதனால் சாயங்காலமும் பின்வாசல் வழியாக வந்து, குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஆக, தினம் இரண்டு முழுக்கு, இரண்டும் தலையோடு. எனக்கோ பீனிசம். தலையில் ஈரம் நின்றால் நெற்றிக்குள் யாரோ அம்மி கொத்துவார்கள். தினமும் தலைக்கு ஊற்றாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன்.

"அந்த டாக்டர் குளிச்சுட்டுத்தான் அதைச் சொன்னாராமா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் இருக்கிறார். நல்ல மனிதர். அக்காவுக்கும் நல்லவர், எனக்கும் நல்லவர், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது நடந்தால் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பவர்.

முன்பு இந்த வீட்டில் இவர்களுடைய சித்தியும் இருந்தார். வயதாகி, தானாகக் குளிக்க முடியாமல் போனதும் ஆளாளுக்குக் கையைப் பிசைந்தார்கள். தீர்ப்புச் சொன்னது அக்காதான். "தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்க முடியாதவங்க சாமி இருக்கற வீட்டுல எப்படி இருக்கறது?" என்றார். சித்தியை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கினார். நான் சித்தியின் துண்டுகளை மடித்து வைத்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று விடாத மழை. அக்கா தன் துண்டைத் தானே துவைத்து, தனிக் கொடியில் காயப்போடுவார். அதை யாரும் தொடக் கூடாது. மழை என்பதால் அன்றைக்கு நடையிலேயே கொடி கட்டி அதைப் போட்டிருந்தார். நான் குளிக்க ஓடுகிற அவசரத்தில் அந்தத் துண்டு என் முகத்தில் அப்பியது. எடுத்துவிட்டு நான்கு அடி நடந்தவள் அப்படியே நின்றேன். அக்கா குளித்து, விளக்கேற்றி, துண்டைத் துவைத்துப் போட்டுப் பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. துண்டு மொறமொறவென்று காய்ந்து கிடக்கிறது. மடித்த தடம் கூடப் போகவில்லை.

பிழைப்பே துண்டுதான் எனக்கு. அது நனைந்ததா, துடைத்ததா, சும்மா தோளில் கிடந்ததா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குளியலறைக்குள் போய் அக்காவின் சோப்பை எடுத்துப் பார்த்தேன். போன மாதம் வாங்கிக் கொடுத்தது. மேலே அச்சடித்த எழுத்து ஒன்று கூட அழியாமல் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது.

எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். அன்று தலைக்கு ஊற்றியும் தலை வலிக்கவில்லை. இத்தனை வருடம் என்னை நனைத்து நனைத்துப் பிழிந்தவர் குளிப்பதே இல்லை! வேலையில் போர்வை மடிக்கும்போது தானாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்றவள், "என்னடி, சம்பளம் கூட்டிட்டாங்களா?" என்றாள். அதைவிடப் பெரிய விஷயம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை சின்ன நாத்தனார் வருவாள். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மெதுவாக, மரியாதையாக, "அக்கா, உங்க துண்டை நான் துவைச்சுத் தரட்டுமா" என்று ஆரம்பிக்க வேண்டும் என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்தேன்.

வீட்டுக்காரரிடம் லேசாகப் போட்டுப் பார்த்தேன். "அக்கா ஒழுங்கா குளிக்கறாங்களான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

"அக்கா குளிக்கலன்னா உலகத்துல யாருமே குளிக்கல," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

சரி, கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மறுநாள் காலை சத்தமில்லாமல் எழுந்து போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டலாம் என்று கை வைத்தேன், அது திறந்துகொண்டது. தாழ்ப்பாளே போடவில்லை.

அக்கா கட்டிய புடவையோடு, ஈரம் படாத மூலையில், பிளாஸ்டிக் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தார். இடது கை குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. வலது கையால் வாளியிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு, தன் காலில் தெறிக்காமல் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாய் பக்தியோடு பாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. பொறு என்று ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றேன். வரி முடிந்தது.

"கதவைச் சாத்து. காத்து வருது," என்றார்.

உள்ளே வந்து சாத்தினேன். "எத்தனை நாளா இப்படி?"

"மழை ஆரம்பிச்சப்ப ஒரு நாள் வழுக்கிடுச்சு. நீ கூட என்ன சத்தம்னு கேட்டியே."

கேட்டேன். வாளி விழுந்துவிட்டது என்று சொன்னார். விழுந்தது வாளி இல்லை.

"அடி ஒண்ணும் படல. ஆனா அதிலேருந்து ஈரத் தரையைப் பாத்தாலே கால் உதறுது. எழுந்து நிக்க முடியல. என் அறையில கதவைச் சாத்திக்கிட்டு ஈரத் துணியால துடைச்சுக்கறேன்."

"அது போதுமே அக்கா. எங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"அது துடைக்கறது. குளிக்கறது இல்ல." தனக்கென்று கூடச் சட்டத்தில் ஒரு சலுகை வைத்துக்கொள்ளாத மனுஷி. "தம்பிகிட்ட சொல்லிடுவியா?"

நான் வாளியைத் தள்ளி வைத்தேன்.

"சித்தியை என்ன சொல்லி அனுப்பினேன்னு உனக்குத் தெரியும்," என்றார். பிறகு சொம்பைப் பார்த்துக்கொண்டு, "அவனுக்கும் தெரியும்," என்றார்.

இரண்டு நாளாக நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டிய வசனமெல்லாம் எங்கே போனதோ. குழாயைப் பிடித்திருந்த கை இன்னும் பிடியை விடவில்லை. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என் வாயிலிருந்து அதட்டல்தான் வரும்.

"எந்திரிங்க. நான் பிடிச்சுக்கறேன், குளிப்பாட்டி விடறேன்," என்று கையை நீட்டினேன்.

அக்கா சட்டென்று பின்னால் சாய்ந்தார். "நீ இன்னும் குளிக்கல."

அந்த நிமிஷமே கதவைத் திறந்து ஊரைக் கூட்டியிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நான் குளிச்சுட்டே தொடறேன். ஆனா இனிமே தினமும் தலைக்கு ஊத்த மாட்டேன். சம்மதமா?"

அக்கா என் தலையை ஒரு முறை பார்த்தார். கடைசியில், "கழுத்துக்குக் கீழயாவது ஒழுங்கா ஊத்திக்கணும்," என்றார்.

அன்றிலிருந்து இதுதான் ஏற்பாடு. விடிகிற நேரத்தில் நான் பூனை மாதிரி உள்ளே போவேன். அக்கா எனக்கு முதுகு காட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து பாடுவார், அந்தப் பாட்டுக்குள் நான் குளித்து முடிப்பேன். பிறகு அவர் முறை. தோளில் சோப்புப் போட்டால் குழந்தை மாதிரி கூசுவார். "அங்க விட்டுட்ட பாரு" என்று அதிகாரமும் பண்ணுவார். வெளியே போனதும் அவர் விளக்கேற்றுவார், நான் அடுப்பைப் பற்றவைப்பேன். சாயங்காலப் பின்வாசல் குளியல் மட்டும் அப்படியே இருந்தது. அதில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சின்ன நாத்தனார் வந்தாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வரும் வழியில் முதியோர் இல்லத்துக்குப் போய் சித்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"பாதி ஆளா போயிட்டாங்க," என்றாள். "அக்கா, உங்களை மாதிரி இருக்கணும். கடைசி வரைக்கும் தன் வேலையைத் தானே பாத்துக்கிட்டு."

அக்கா டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ ஆறிவிட்டது.

சின்ன நாத்தனாரின் கண் என் தலைக்கு வந்தது. "என்ன அண்ணி, தலையெல்லாம் காஞ்சு கிடக்கு? குளிக்காமலா அடுப்புக்கிட்ட நிக்கறீங்க?"

செய்தித்தாள் இறங்கியது. "நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார் என் வீட்டுக்காரர். "கொஞ்ச நாளா காலையில இவ குளிக்கற சத்தமே கேக்கறதில்ல. அக்காதான் ரெண்டு ஆள் தண்ணியை ஊத்திக் குளிக்கறாங்க. இவளுக்கும் சேத்துக் குளிக்கறாங்க போல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டிலேயே விடியும் முன் குளித்துவிட்டு நிற்கிறவள் நான். அவர் அன்றைக்கு இன்னும் பல்லே விளக்கவில்லை. வாயைத் திறந்தால் ஒரே வரியில் முடித்துவிடலாம். அக்காவைப் பார்த்தேன். அவர் ஆறிய டீயை மறுபடியும் ஊதினார். அவரே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா இது?" என்றாள் சின்னவள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "தெரியும். நாளையிலேருந்து என் கண் முன்னாடிதான் குளிக்கணும். நானே கூட நின்னு பாத்துக்கறேன்," என்றார்.

"அப்படிப் போடுங்க," என்று என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மறுபடியும் உயர்த்திக்கொண்டார்.

அன்று முழுக்கப் பாத்திரங்கள் என் கையில் படாத பாடு பட்டன. நன்றி கெட்ட ஜென்மம் என்று மனதுக்குள் திட்டினேன். பாதி வெளியேயும் கேட்டிருக்கும். நாளைக்குத் தரையிலேயே ஊற்றிக்கொண்டு கிடக்கட்டும், எனக்கென்ன என்று படுத்தேன்.

காலையில் விழிப்பு வந்தது. எழுந்திருக்கவில்லை. வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பாட்டு கேட்கவில்லை. காத்திருந்தேன். பாட்டு வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். அக்கா முக்காலியைச் சுவரோரமாகப் போட்டு, எனக்கு இடம் விட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நான் அப்படிச் சொன்னது..."

"பேசாம பாடுங்க," என்றேன்.

பாடினார். நான் குளித்தேன். பிறகு அவருக்கு ஊற்றினேன். துடைப்பதற்காக அவரை எழுப்பியபோது என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஈரத் தரையில் கால் உதறியது, ஆனால் நின்றார்.

"சித்தியும் இதைத்தான் கேட்டாங்க," என்றார்.

"எதை?"

"கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, போதும், நானே குளிச்சுக்கறேன்னாங்க. நான் அப்பதான் குளிச்சுட்டு வந்திருந்தேன். இப்ப தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்."

நேற்றிலிருந்து கட்டிக்காத்து வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், அதைக் காணோம். துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க முகம் நனைந்துகொண்டே இருந்தது.

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது. "அக்கா, ஒழுங்கா குளிக்கறாளா அவ?" என்று என் வீட்டுக்காரரின் குரல்.

அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தை நிற்க வைத்த அதே குரலில் சொன்னார்.

"இப்பதான் கத்துக்கறா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."