நாசுனாவின் பின்னால் போன வீடு

ஏப்ரல் ஒன்பதாம் தேதி காலை ஏழு நாற்பதுக்கு, ஹமாசே ஊரில் நோசாகா கியோதாகாவின் வீடு, முதல் வகுப்புக்குப் போன அவருடைய மகள் நாசுனாவின் பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டது. அன்று காற்று இல்லை. சந்தையில் கானாங்கெளுத்தி முந்தின நாள் விலைக்கே போயிற்று. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை, மேலே ஓட்டுக் கூரை. அத்தனையும் லேசாகச் சலசலக்க, குழந்தை நடக்கிற வேகத்திலேயே வீடு நடந்தது. சந்தை முக்கில் சிவப்பு விளக்கு விழுந்ததும் நின்றது, பச்சை விழுந்ததும் கிளம்பியது. ஊரில் சில கார்க்காரர்களுக்கே இந்த ஒழுங்கு கிடையாது.

தப்பு கியோதாகாவுடையதுதான். அவர் பேருந்து ஓட்டுநர். மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அந்த இரண்டு வருடமும் நாசுனா மழலையர் பள்ளி வாசலில் அழுதாள், பாதி நாள் அவளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. டிப்போ மேலாளர் நல்ல மனிதர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பள்ளி தொடங்கும் ஏப்ரலிலும் இப்படியே நடந்தால் காலை எட்டு ஐந்து வண்டிக்கு வேறு ஆள் போடுவதைத் தவிர வழியில்லை என்று கடைசியில் சொல்லிவிட்டார். கியோதாகாவுக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. குழந்தை பள்ளியில் தரிப்பாளா என்ற கேள்வியோடுதான் அவர் முந்தின நாள் பள்ளி நுழைவு விழாவுக்குப் போனார்.

விழா முடிந்ததும் எல்லாருக்கும் கணக்குப் பெட்டி கொடுத்தார்கள். நூறு வண்ண வில்லைகள், குச்சிகள், எண் அட்டைகள், ஒரு பொம்மைக் கடிகாரம். ஒவ்வொன்றிலும், சுண்டுவிரல் நகத்தளவு வில்லை உட்பட, குழந்தையின் பெயரை எழுதி மறுநாள் அனுப்ப வேண்டும். ஏப்ரல் தோறும் ஊரில் உள்ள பெற்றோர் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே செய்கிற வேலை இது. கியோதாகா அதையும் பேருந்து ஓட்டுகிற முறையிலேயே செய்தார். அதாவது, ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லி. “வில்லை, சரி! குச்சி, சரி!” மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தவர், பெட்டி முடிந்த பிறகும் கை நிற்காமல், குடை, காலுறை, சோற்றுப் பானை என்று போய்க் கடைசியில் வாசல் நிலையிலும் அழியாத மையால் நாசுனா என்று எழுதி, “வீடு, சரி!” என்று சொல்லிவிட்டார். பெயர் எழுதிய பொருள் பெயருக்கு உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். வீடும் அதைத்தான் செய்தது.

பிள்ளைகள் வரிசையாகத்தான் பள்ளிக்குப் போவார்கள். அந்தத் தெரு வரிசைக்குத் தலைவி ஆறாம் வகுப்பு மிசாதோ. திரும்பிப் பார்த்த அவள் முகம் சுளிக்கவில்லை.

“வீடு கடைசியில வரட்டும். யாரும் வரிசையக் கலைக்காதீங்க,” என்றாள். “நாசுனா, உன் வீடு வலது பக்கம் சாயுது. ஓரமா வரச் சொல்லு.”

“அது நான் சொன்னா கேக்காதுக்கா.”

“அப்ப என்னை மாதிரி கத்திச் சொல்லு.”

பள்ளியிலும் பெரிய பேச்சு எழவில்லை. பெற்றோர் கார் கொண்டுவரக் கூடாது என்று விதி இருந்தது, வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்கள். வகுப்பாசிரியை இனுசுகா, நாசுனாவின் மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார். அழுகை வரும்போது அவள் எழுந்து போய்த் தன் வீட்டில் படுக்கை மடித்து வைக்கிற அலமாரிக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவாள். இரண்டாம் வாரத்திலிருந்து அவள் தனியாகப் போகவில்லை. அந்த வருடம் முதல் வகுப்பில் அழுகிற பிள்ளைகள் ஏழு பேர். ஏழு பேரும் முறை வைத்து அந்த அலமாரிக்குள் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்கள். கியோதாகா தன் மெத்தை மடிப்பில் யார் யாருடைய காலுறைகளையோ கண்டெடுத்தார். அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் அவர் வாசலில் மூங்கில் குருத்துக் குழம்பும் ஸ்ட்ராபெரியும் வைத்துவிட்டுப் போனார்கள். இத்தனை பேர் தன் குழந்தையைத் தாங்குகிறார்கள் என்று தெரிந்து, யாருக்கு முதலில் நன்றி சொல்வதென்று தெரியாமல், காலையில் எதிரே வந்த எல்லா வண்டிகளுக்கும் தொப்பியைக் கழற்றினார்.

ஒரே ஒரு சங்கடம். பகல் இரண்டு மணிக்கு அவர் வேலை முடிந்து வந்தால் வீடு இருக்காது. துணி காயப்போடுகிற கம்பும் காலி மனையும்தான் இருக்கும். நேரே பள்ளிக்குப் போக வேண்டியவர், பழக்கதோஷத்தில் மனைக்கே வந்து நிற்பார். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வகுப்பு முடிந்து வீட்டோடு திரும்பிய நாசுனா, அப்பா குடையோடு அந்தக் காலி மனையில் நிற்பதைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா மழையில நிக்கிறீங்க?”

“வீட்டுக்கு வந்தேன்.”

“வீடுதான் என்கூட இருக்கே.”

“தெரியும்மா. சும்மாதான் நின்னேன்.”

“பயமா இருந்துச்சா?”

“எனக்கா? எனக்கென்ன பயம்?”

“பொய். காலைல நான் கிளம்பினா, விரலைக் காட்டி ‘நாசுனா, சரி’ன்னு மூணு தடவ சொல்றீங்க. மிசாதோ அக்கா எண்ணிட்டே வர்றாங்க.”

நாசுனா வகுப்பில் எழுத்துகள் எல்லாம் படித்து முடித்திருந்தாள். இழுப்பறையிலிருந்து அந்த அழியாத மைப் பேனாவை எடுத்து வந்தாள். அவள் தலையில் இருந்த விளையாட்டுத் தொப்பி மிசாதோ கொடுத்தது. மிசாதோவின் பெயரில் இரண்டு கோடு போட்டு, கீழே நாசுனா என்று எழுதியிருந்தது. பழைய பொருளைக் கை மாற்றிக் கொடுக்கும்போது பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். அவளும் எம்பி நின்று, வாசல் நிலையில் தன் பெயர் மேல் இரண்டு கோடு போட்டு, கீழே அப்பா என்று எழுதினாள். ஓர் எழுத்து இடம் வலம் மாறி விழுந்தது.

“எனக்கு இப்ப அழுகையே வர்றதில்ல. நீங்க வச்சிக்கங்க,” என்றாள்.

அன்று கியோதாகா வாய்விட்டு அழுதார். நாசுனா அவரை அலமாரிக்குள் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் ஆனதும் கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை பிள்ளைகள் இடது பக்கம் திரும்ப, அவர் வலது பக்கம் டிப்போவுக்குத் திரும்ப, வீடு முக்கில் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு வலது பக்கம் திரும்பியது. நாசுனா வரிசையின் முன்னால் மிசாதோவோடு எதையோ பேசிச் சிரித்துக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை முதல் தேதி பேருந்து நிறுவனம் புதிய கால அட்டவணையை ஒட்டியது. எட்டு ஐந்து வண்டிக்கு நேராகச் சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு வீடு வரும், அதுவும் போன பிறகு சாலையைக் கடக்கவும்.