பதினேழாம் தேதிக்கு என்ன காரணம்?

ஏணியின் உச்சிப்படியில் நின்றபடி அவள் கோப்புக் கட்டுகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே எறிந்துகொண்டிருந்தாள். தூசி மூக்கில் ஏறியது. சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. நான்கு மணிக்கு அடுத்த வருடத்து அரசு விடுமுறைப் பட்டியல் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

"கிடைச்சுதா ரெக்கார்டம்மா?" ஏணியைப் பிடித்திருந்த பியூன் கேட்டார்.

"கிடைச்சிருந்தா இப்படித் தொங்கிக்கிட்டா இருப்பேன்? கெட்டியா பிடிங்கண்ணே!"

ஆவண அறைக்கு அவள்தான் பொறுப்பு. ஒவ்வொரு விடுமுறைக்கும் எந்த மதம், என்ன காரணம் என்று அங்கே ஒரு கோப்பு உண்டு. ஏழாம் மாதம் பதினேழாம் தேதிக்கு மட்டும் பட்டியலில் 'சிறப்பு நாள்' என்பதோடு சரி. நாற்பத்தைந்து வருடமாக யாரும் வாய் திறக்கவில்லை. இந்த வருடம் திறந்துவிட்டார்கள். எங்கள் மகான் பிறந்த நாள் என்று மலையடிக் கோயில்காரர்கள் மனு கொடுக்க, எங்கள் குரு மறைந்த நாள் என்று ஆற்றங்கரைச் சபைக்காரர்கள் எதிர்மனு கொடுத்தார்கள். காலையிலிருந்து இரண்டு கூட்டமும் வாசலில் முறைத்தபடி நிற்கின்றன.

"ஒருத்தர் பொறந்தாரு, ஒருத்தர் போனாரு. நமக்கு எப்படியும் லீவு," என்றார் பியூன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செயலாளர் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "கோப்பு வந்தா அதுல இருக்கிற காரணத்தைப் போடறேன். வராட்டி போன வருஷம் மாதிரியே போகும். ஆனா கோப்பைத் தொலைச்சதுக்கு நாளைக்கே உங்களுக்கு சஸ்பென்ஷன்." வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

போன் அலறியது. அப்பா. அரசு அச்சகத்தில் பிழைதிருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பட்டியல் போயிடுச்சாம்மா? பதினேழு இருக்குல்ல?"

வருடா வருடம் இதே கேள்வி. அது அவருடைய கல்யாண நாள். 'ஊரே கடையடைச்சுக் கொண்டாடுது, எவனுக்கு வரும் இந்த யோகம்?' என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

"இருக்கும்ப்பா. வைங்க, வேலையா இருக்கேன்."

"கோப்பு கீப்புன்னு யாராவது தேடறாங்களா?"

அவள் கை அந்தரத்தில் நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இணைப்பு அறுந்தது.

அப்பாவுக்கும் கோப்புக்கும் என்ன சம்பந்தம்? அப்பா என்றால் அச்சகம். இத்தனை நேரமும் அவள் குடைந்தது 'மதம்' அலமாரியை! ஏணியிலிருந்து தாவி இறங்கி 'அச்சகம்' அலமாரிக்கு ஓடினாள். அடித்தட்டில், சுவரோரமாக, அப்பளம் போல மெலிந்த ஒரு கோப்பு. முடிச்சை அவிழ்த்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. பல்லி."

முடிச்சைப் போட்டு, இருந்த இடத்திலேயே செருகினாள். மூன்று ஐம்பதுக்குச் செயலாளர் மேஜை முன்னால் நின்றாள்.

"கிடைக்கல சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. காலையில ஆர்டர் வீட்டுக்கு வந்துடும்."

"வரட்டும் சார்."

அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்தைக் கிறுக்கினார். பட்டியல் பழையபடி வெறும் 'சிறப்பு நாள்' என்றே போனது. தாங்கள்தான் ஜெயித்தோம் என்று வாசலில் இரண்டு கூட்டமும் தனித்தனியாகக் கைதட்டின.

மாடிப்படியில் நின்று அப்பாவை அழைத்தாள். "பதினேழு இருக்குப்பா."

"படிச்சிட்டியா?"

"படிச்சிட்டேன்."

"ஒரே ஒரு வட்டம்தாம்மா போட்டேன்," என்றார்.

கோப்பில் இருந்தது ஒரே தாள். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய அரசு நாட்காட்டியின் பிழைதிருத்துவதற்கான அச்சுப்படி. விடுமுறைகள் சிவப்பில், மற்ற நாட்கள் கறுப்பில். கறுப்பான ஒரு பதினேழைச் சுற்றி மட்டும் அப்பாவின் சிவப்புப் பென்சில் வட்டம். ஓரத்தில் பொடி எழுத்தில்: 'அன்று என் கல்யாணம். லீவு கேட்க மறக்கக் கூடாது.' அதன் கீழே அச்சுக்கோப்பவரின் கையெழுத்தில்: 'திருத்தியபடி சிவப்பில் கோத்தாயிற்று.' எல்லாவற்றுக்கும் அடியில் அந்நாள் செயலாளரின் கையெழுத்தில்:

'ஒரு லட்சம் பிரதி வெளியே போய்விட்டது. விடுமுறையாகவே இருக்கட்டும். காரணத்தை ஜனங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.'