லோகநாயகியின் சீவாளி

குற்றாலம் சாரல் விழாவில் நாகஸ்வரம் வாசிக்க லோகநாயகிக்கு அழைப்பு வந்திருந்தது. கடிதத்தைப் படித்த அவள் கணவர் சிவசைலம் நாள்காட்டியைப் பார்த்தார். விழாவுக்கு நான்கே நாள். அவருடைய மனைவி வாசித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

அதற்குக் காரணமே அவர்தான். அவரும் நாகஸ்வரக்காரர். அரசு விழாக்களுக்குக் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உறுப்பினரான கையோடு, உறுப்பினர்களின் வீட்டார் யாரும் அரசு மேடை ஏறக் கூடாது என்று எழுதிக்கொடுத்து, சண்டை போட்டு நிறைவேற்றியும் விட்டார். நியாயமான விதிதான். அதனால்தான் கீழப்பாவூர் குருவம்மாள் மாதிரி, சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைகளும் மேடை கண்டார்கள். ஊரே மெச்சியது. அவருடைய இலஞ்சி வீட்டில் ஒருத்தி நாகஸ்வரத்தை உறையில் போட்டு அலமாரி மேல் வைத்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. விழாக்களில் காணாதவளைக் கல்யாண வீட்டாரும் மறந்துபோனார்கள். அவள் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. அதுதான் அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

சித்திரையில் வயதைச் சொல்லிக் குழுவிலிருந்து விலகினார். வைகாசியில் அவளே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

அத்தனை பேர் முன்னால் அவளுக்குத் தம் பிடிக்க முடியாமல் போனால்? நினைக்கவே அவருக்குத் தாங்கவில்லை. அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து உறையை இறக்கினார். வாயில் வைத்து ஊதும் சீவாளி இத்தனை வருஷத்தில் காய்ந்து வெடித்திருக்கும், புதிதாக ஒன்றைப் பதப்படுத்திக் கொடுப்போம் என்பது எண்ணம். பிரித்துப் பார்த்தால், சீவாளி உதடு பட்டுப் பட்டுக் கறுத்து, நுனி தேய்ந்து, நேற்று வாசித்தது போல் பதமாக இருந்தது.

காப்பியோடு வந்த லோகநாயகி பார்த்துவிட்டாள். டம்ளரை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க கூட்டத்துக்குச் சென்னைக்குப் போறன்னைக்கெல்லாம் வாசிப்பேன். இப்பவும் அந்தப் பழக்கத்துல, நீங்க வெளிய போனா எடுத்திருவேன்."

"நான் இருக்கும்போது வாசிக்க வேண்டியதுதான?"

"நீங்க கேட்டா மனசு எளகி அந்த விதியத் தூக்கிருவீய. நல்ல விதில்லா அது."

மந்திரிகள் முன்னால் மேசையைத் தட்டிப் பேசிய மனுஷன் வாய்விட்டு அழுதுவிட்டார். அவள் அழவிட்டாள். பிறகு அவர் கையிலிருந்த சீவாளியை வாங்கி நாக்கில் நனைத்தாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுருதிப்பெட்டியை எடுத்தார். அவளுக்குப் பின்னால், சுருதி போடுகிறவர் உட்காரும் இடத்தில், போய் உட்கார்ந்தார்.